அறுபது மெயில் போட்டேன், ஒரு பதில்கூட இல்லை! – வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. சேர்ந்த அப்புறம்தான் என்றில்லை, பட்டப்படிப்பு படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஒரு ஆய்வகத்தில் போய் உட்காரலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே கொடுத்துவிட்டேன். கல்விக்கடன் வட்டி பற்றிக் கேட்ட தஞ்சாவூர் ஐயா அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி என்று எதுவும் கிடையாது. பெரிய நிறுவனங்களில் இருக்கும் அறுபது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. சின்ன ஊர்க் கல்லூரி என்பதால்தானா? (நான் அனுப்பிய மெயிலையும் இணைத்திருக்கிறேன்.)
– ஒரு மாணவி, வாணியம்பாடி

மெயிலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அது இல்லாவிட்டால் நானும் "முயற்சியைக் கைவிடாதீர்கள்" என்று ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். உங்கள் மெயிலின் சாரம் இதுதான்: "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு, தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பயிற்சி பெற ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் "ஐயா/அம்மா" என்று சாய்கோடு போட்ட இடத்திலேயே, எழுதுகிறவருக்குத் தான் எழுதுவது ஆணுக்கா பெண்ணுக்கா என்பதுகூடத் தெரியாது என்று படிப்பவருக்குத் தெரிந்துபோகிறது. கார்த்திகையில் ஆரம்பித்துப் பங்குனி வரை பேராசிரியர்களுக்கு இதே மாதிரி மெயில் வந்துகொண்டே இருக்கும், திறப்பதற்கு முன்பே விரல் அழிக்கும் பட்டனுக்குப் போய்விடும். அதில் நீங்கள் வாணியம்பாடியா, டெல்லியா என்று பார்க்கும் அளவுக்கு யாரும் போவதே இல்லை. ஆகவே சின்ன ஊர் என்ற கவலையை முதலில் இறக்கி வையுங்கள். கொஞ்சமும் பாரபட்சம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, பெரிய கல்லூரிப் பெயரைப் பார்த்தால் சிலருக்குக் கண் விரியத்தான் செய்யும். ஆனால் உங்கள் மெயில் தோற்றது அந்த இடத்தில் இல்லை.

என் கருத்து இது: வாய்ப்புக் கேட்காதீர்கள். செய்த வேலையைக் காட்டி, அதில் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். "லேபே இல்லாமல் என்ன வேலை செய்வது" என்பீர்கள். சரி, ஒரு உதாரணம்.

கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. இப்போது பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் வருகிறது. உங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் வருமே காவலூர் தொலைநோக்கி, அதுவும் இதே நிறுவனத்துடையதுதான். கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கும் மேலாக, வானம் தெளிவாக இருந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அவற்றை டிஜிட்டலாகவும் மாற்றியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு மாதத்தில் அடுத்தடுத்த எட்டு, பத்து நாள் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கரும்புள்ளி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது தெரியும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஸ்கேலை வைத்து நேராக அளந்தால் மட்டும் தப்பாக வரும், ஏனென்றால் சூரியன் தட்டு இல்லை, உருண்டை. ஓரத்துக்குப் போகப் போக நகர்வு குறுகித் தெரியும், அங்கே நீங்கள் பிளஸ் டூவில் படித்த சைன் இன்வர்ஸ் வந்து நிற்கும். ஒழுங்காகச் செய்தால் 27 நாளுக்குப் பக்கத்தில் ஒரு விடை வரும், அதாவது பூமியில் இருந்து பார்க்கும்போது. இன்னொரு புள்ளியை, சூரியனின் நடுக்கோட்டுக்குத் தள்ளி இருப்பதை எடுத்து அளந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். "நான் தப்புப் பண்ணிவிட்டேனா, இல்லை சூரியனே இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் சுற்றுகிறதா" என்ற கேள்வி அப்போது உங்களுக்கே எழும். அந்தக் கேள்வியோடு எழுதுகிற மெயில்தான் மெயில்.

ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், நான் தமிழில் சொல்கிறேன்: "வணக்கம். நான் வாணியம்பாடியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கொடைக்கானல் படங்களில் இரண்டு கரும்புள்ளிகளை எட்டு நாள் தொடர்ந்து அளந்தேன், இரண்டுக்கும் வேறு வேறு சுழற்சிக் காலம் வருகிறது. வித்தியாசம் என் அளவீட்டுப் பிழையைவிடப் பெரியதா என்று எப்படி முடிவு செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் சூரியப் புள்ளிகள் பற்றி எழுதிய கட்டுரையின் மூன்றாம் பகுதியில் இதற்கு ஒரு முறை சொல்லியிருக்கிறீர்கள், அதில் பாதிதான் புரிந்தது. என் அட்டவணையை ஒரே பக்கமாக இணைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் உங்கள் குழுவில் இந்த மாதிரி அளக்கும் வேலை இருந்தால் செய்யத் தயார்." அவ்வளவுதான். இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? இப்படிப் பத்துப் பேருக்கு எழுதுங்கள், பத்தும் தனித்தனியாக. பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிடலாம். இன்னொரு குறுக்கு வழி, அந்தக் குழுவில் பிஎச்.டி. செய்கிற மாணவர்களுக்கு எழுதுவது. பேராசிரியரைவிட அவர்கள் பதில் போடுவார்கள், உண்மையில் கூட ஒரு ஆள் வேண்டும் என்ற தேவையும் அவர்களுக்குத்தான்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் (பின்னாளில் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய அதே சுப்பிரமணியன் சந்திரசேகர்) அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்று அவர் சொல்லி, இன்னும் அச்சில் வராத தன் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார். அதை உட்கார்ந்து படித்து, தானே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலருக்குத் தபாலில் அனுப்பினார் சந்திரசேகர். ஏன் ஃபௌலர்? அவருடைய கட்டுரையைப் படித்திருந்தார், அதனால். அது ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. அவர் மேதை, நாம் அவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தபாலில் இருந்தது "வாய்ப்புத் தாருங்கள்" என்ற விண்ணப்பம் இல்லை என்பதை மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கல்லூரியில் ஆராய்ச்சியே கிடையாது என்கிறீர்கள். உங்கள் துறை ஸ்டாஃப் ரூம் வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பாருங்கள், எத்தனை பெயருக்கு முன்னால் "முனைவர்" என்று இருக்கிறது? அவர்கள் ஒவ்வொருவரும் நாலைந்து வருஷம் ஏதோ ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள். "மேடம், உங்கள் பிஎச்.டி. எதைப் பற்றி?" என்று ஒரு மதிய இடைவேளையில் கேட்டுப் பாருங்கள். இருபது வருஷமாக எந்த மாணவியும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டாள்.

கேள்வி: கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்கள் என்னென்ன இருக்கின்றன? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? நான் பி.எஸ்சி. வேதியியல், என் தம்பி கணிதம்.
– பாளையங்கோட்டை

முழுப் பட்டியல் போட்டால் பஞ்சாங்கம் ஆகிவிடும். முக்கியமானதைச் சொல்கிறேன்.

முதலில் மூன்று அறிவியல் அகாடமிகள், அதாவது பெங்களூரு, டெல்லி, அலகாபாத் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். நாடு முழுக்க உள்ள விஞ்ஞானிகளின் பட்டியல் கொடுத்திருப்பார்கள், அதிலிருந்து நீங்கள் விரும்புகிறவர்களைக் குறிப்பிடலாம். தேர்வானால் இரண்டு மாதம் அவருடைய ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன், காரணம் அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் போயிருக்கிறார்கள். அப்புறம் பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு மையத்தின் திட்டம், வேதியியலுக்கு அருமையான இடம். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோடைத் திட்டம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். சென்னை ஐஐடியின் கோடை ஃபெல்லோஷிப்.

நேரம்தான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். கோடைக்கால வேலைக்குக் கோடையில் தேட ஆரம்பிக்கிறார்கள். பெரிய திட்டங்களில் பாதி பொங்கலுக்கு முன்பே மூடிவிடும், மீதி மாசிக்குள். ஆக ஆயுத பூஜை முடிந்ததும் தேட ஆரம்பித்துவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும், அந்தந்த நிறுவன இணையதளத்தில் மட்டும் பாருங்கள். வாட்ஸாப்பில் வருவது பாதி நேரம் போன வருஷ அறிவிப்பு.

தம்பிக்குத் தனியாக ஒன்று: எம்.டி.டி.எஸ். என்று கணிதத்துக்கு ஒரு முகாம் இருக்கிறது, பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கியது. நான்கு வாரம். அதில் ஆராய்ச்சி செய்யச் சொல்ல மாட்டார்கள், "ஏன்?" "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டுக் கேட்டே கொன்றுவிடுவார்கள். தேற்றத்தை மனப்பாடம் பண்ணி எழுதிப் பழகிய பிள்ளைகள் முதல் வாரம் அழுதுவிட்டு நான்காம் வாரம் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் நிற்பார்கள். பி.எஸ்சி. கணிதத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

உங்களில் யாருக்காவது மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருகிறதா? வருஷம் 80,000 ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் 20,000 ரூபாய் கோடையில் ஒரு வழிகாட்டியிடம் போய் ஆராய்ச்சித் திட்டம் செய்வதற்கென்றே ஒதுக்கியது என்பது பலருக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் யாரிடமாவது கையெழுத்து வாங்கி ஒப்பேற்றுகிறார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இரண்டு நடைமுறைத் தொல்லைகள். ஒன்று, சிபாரிசுக் கடிதம். நம் கல்லூரிகளில் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பதுதான் வழக்கம். அப்படிச் சொன்னால் சங்கடப்படாதீர்கள், ஆனால் "மிகச் சிறந்த மாணவி, ஒழுக்கமானவள்" என்று எழுதாதீர்கள். அந்த ஆசிரியரின் வகுப்பில் நீங்கள் செய்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள், உப்புப் பகுப்பாய்வில் மற்றவர்களுக்கு வராத ரிசல்ட் உங்களுக்கு வந்தது, திரும்பச் செய்து பார்த்தீர்கள், இந்த மாதிரி. இப்போது பல இடங்களில் ஆசிரியரின் மெயிலுக்கே லிங்க் போகிறது. நம்மில் சிலர் மெயிலைத் தீபாவளிக்குத் தீபாவளிதான் திறப்போம். பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பேமையும் திறந்து பார்த்து, அவர் சமர்ப்பித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாவது, செமஸ்டர் தேர்வு. திட்டங்கள் மே மாதம் தொடங்கும், நம் பல்கலைக்கழகத் தேர்வு சில வருஷம் மே கடைசி வரை இழுக்கும். தேர்வானதும் வழிகாட்டிக்கு முதல் மெயிலே "என் கடைசிப் பரீட்சை இந்தத் தேதி, இதற்கு அடுத்த நாள் கிளம்பி வருகிறேன், பரவாயில்லையா" என்பதாக இருக்கட்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் இரண்டு வாரம் தாமதமாகப் போய் நின்றால்தான் பிரச்சினை.

கேள்வி: என் மகளுக்குப் பெங்களூருவில் இரண்டு மாதம் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். போனால் வேலை கிடைக்குமா? பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?
– ஒரு தாய், அருப்புக்கோட்டை

அம்மா, முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: இந்த இரண்டு மாதத்தால் நாளைக்கே வேலை கிடைக்காது. எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று மேலே போக நினைத்தால் பெரிய உதவி, இந்த வேலை தனக்கு ஒத்து வராது என்று அவளே கண்டுபிடித்தால் அதுவும் லாபம்தான், அஞ்சு வருஷம் கழித்துக் கண்டுபிடிப்பதைவிட.

இரண்டாவது கேள்விக்கு, அப்பாவிடம் வாதாடாதீர்கள். தகவலைக் கொடுங்கள். தங்குவது நிறுவன வளாக ஹாஸ்டலிலா, வெளியிலா? உதவித்தொகை முதல் மாதமே வருமா, முடிந்த பிறகா? (பல இடங்களில் தாமதமாகத்தான் வரும். முதல் மாதச் சாப்பாட்டுக்குக் கையில் பணம் கொடுத்து அனுப்புங்கள்.) வழிகாட்டியின் பெயர், துறை அலுவலகத் தொலைபேசி எண், போன வருஷம் போய் வந்த ஏதாவது ஒரு மாணவியின் எண். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் அப்பாவே கூடப் போய் விட்டுவிட்டு வரட்டும். நான் பார்த்த வரைக்கும், அந்த வளாகத்துக்குள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்த அப்பாக்கள் அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்துச் சிபாரிசு செய்கிறார்கள்.

கேள்வி: பி.இ. மூன்றாம் ஆண்டு. ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 12,000 ரூபாய் கட்டினால் ப்ராஜெக்ட், ரிப்போர்ட், "இன்டர்நேஷனல் ஜர்னலில்" பேப்பர், சான்றிதழ் எல்லாம் தருகிறார்கள். சீனியர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். இது ரெஸ்யூமேக்கு உதவுமா?
– சேலம்

தம்பி, 12,000 ரூபாய்க்கு நல்ல ஆஸிலோஸ்கோப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம்.

ரெடிமேட் சட்டை வாங்குவது போல ப்ராஜெக்ட் வாங்குகிற பழக்கம் நம் ஊரில் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும். வைவாவில் "இந்த ரெசிஸ்டர் எதற்கு?" என்று கேட்டால் நாலு பேரும் மேலே ஃபேனைப் பார்ப்பார்கள், கேட்டவரும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டுவிடுவார். அது நம் வீட்டுக்குள் நடக்கிற நாடகம். ஆனால் அந்தப் பேப்பரை ரெஸ்யூமேயில் போட்டு வெளியே ஒரு நல்ல ஆய்வகத்துக்கு விண்ணப்பித்தால், பார்க்கிறவருக்கு ஜர்னலின் பெயரிலேயே வாசம் தெரிந்துவிடும். ஐந்து நாளில் பிரசுரம், பணம் கட்டினால் உறுதி, தலைப்பில் பொறியியலும் மருத்துவமும் வணிகவியலும் ஒன்றாக. பேப்பர் எதுவும் இல்லாத ரெஸ்யூமே உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இந்தப் பேப்பர் செய்யும்.

பணம் கேட்டாலே மோசடி என்றும் சொல்ல மாட்டேன். பயோடெக் போன்ற துறைகளில் கெமிக்கல் செலவுக்காக "பெஞ்ச் ஃபீஸ்" என்று வாங்குகிற முறையான நிறுவனங்களும் இருக்கின்றன. வித்தியாசம் எளிது: அங்கே பணம் கட்டினாலும் வேலை நீங்கள்தான் செய்ய வேண்டும், முடிவு வராமலும் போகலாம். இங்கே முடிவு முன்கூட்டியே தயார்.

உங்களிடம் உண்மையிலேயே ஒரு யோசனை இருந்தால், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்குச் சிறிய தொகை தருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போக வேண்டும். பெரிய பணம் இல்லை, ஆனால் அரசு மன்றம் ஒன்று உங்கள் திட்டத்தைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்பது ரெஸ்யூமேயில் ஒரு வரி, வைவாவில் தைரியம். ஜெர்மனி போக ஆசையென்றால் டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் வைஸ் (WISE) பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதற்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவரிடமிருந்து அழைப்புக் கடிதம் நீங்களே வாங்க வேண்டும், எந்தெந்தக் கல்லூரி மாணவர்கள் தகுதி என்றும் ஒரு வரையறை உண்டு. மெயில் போட ஆரம்பிப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். மெயில் எப்படி எழுதுவது என்பதற்கு மேலே வாணியம்பாடிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: ஆராய்ச்சி எல்லாம் அறிவியல் மாணவர்களுக்கு மட்டும்தானா? நான் பி.ஏ. வரலாறு.
– சிவகங்கை

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு உதவித்தொகையோடு கூடிய கோடைத் திட்டங்கள் குறைவு, அது அநியாயம்தான். ஆனால் ஆய்வகம் உங்களைச் சுற்றியே இருக்கிறது, கீழடி உங்கள் மாவட்டத்தில்தானே!

ஒரு வேலை சொல்கிறேன், இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" என்ற தொகுதிகள் 1890 முதல் வந்துகொண்டிருக்கின்றன, ஊர் ஊராகக் கோயில் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்டவை. பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் தாலுகாவில் ஒரு கோயிலை எடுங்கள். அச்சில் எத்தனை கல்வெட்டுகள், எந்தச் சுவரில், எத்தனை வரி என்று குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். எது இன்னும் இருக்கிறது? எதன் மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்? எதற்கு முன்னால் புதிதாக மண்டபம் கட்டி மறைத்துவிட்டார்கள்? கும்பாபிஷேகத்துக்கு மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எந்த வரி வழவழப்பாகிவிட்டது? ஒவ்வொன்றாக அட்டவணை போடுங்கள். போட்டோ எடுக்கும்போது காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுங்கள், எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் கல்தான் தெரியும். அர்ச்சகரிடமும் செயல் அலுவலரிடமும் முதலில் அனுமதி கேளுங்கள், உங்கள் துறைத் தலைவரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

இப்படி ஒரே ஒரு கோயிலுக்குச் செய்து முடித்தால் உங்களிடம் ஒரு மூலத் தரவு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகக் கல்வெட்டியல் துறைக்கோ தொல்லியல் துறைக்காரர்களிடமோ போனால், மைப்படி எடுக்கப் போகும்போது கூட வா என்பார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மை படாத இடம்தான் எழுத்து, கறுப்பில் வெள்ளையாக எழுந்து வரும். ஒருமுறை பார்த்தால் விட மாட்டீர்கள்.

கல்வெட்டு ஒத்து வராது, அச்சுக் காலம்தான் பிடிக்கும் என்றால், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ஒருவர் தன் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் நோட்டீசுகளும்தான் அதன் அடித்தளம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தஞ்சாவூரில் சரஸ்வதி மகால், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம். இங்கெல்லாம் "வரலாறு பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று போய் நிற்காதீர்கள். "1930-களில் எங்கள் ஊர்ச் சந்தை பற்றி" என்று போங்கள், நூலகருக்கும் உற்சாகம் வரும்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏதாவது உண்டா?
– தூத்துக்குடி

உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் திட்டம், எஸ்.டி.எஸ். என்பார்கள், 1979 முதல் நடக்கிறது. உங்கள் கல்லூரியிலேயே ஒரு பேராசிரியர் வழிகாட்டி, இரண்டு மாத ஆய்வு, முடித்து அறிக்கை கொடுத்தால் உதவித்தொகை. நெறிமுறைக் குழு அனுமதிதான் காலதாமதம் ஆகும் இடம், அதை முதலிலேயே கிளப்பிவிடுங்கள். தலைப்புச் சின்னதாக இருக்கட்டும். "தென் தமிழகத்தில் நீரிழிவு" என்று எழுதாதீர்கள், உங்கள் புறநோயாளிப் பிரிவில் வருகிற நூறு பேரிடம் கேட்டு முடிக்கக்கூடிய ஒரு கேள்வி போதும்.

கேள்வி: கஷ்டப்பட்டு ஒரு ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டேன். மூன்று வாரமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுவதும், ஒரு அக்கா எடுத்த படங்களில் செல் எண்ணுவதும்தான் வேலை. என்னை ஏமாற்றுகிறார்களா?
– கோயம்புத்தூர்

குடுவை கழுவுவது வேலைதான். சரியாகக் கழுவாத குடுவையால் ஒரு மாத வேலை வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று வாரம் ஆகியும் எந்தக் கேள்விக்காகச் செல் எண்ணுகிறோம் என்று உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அதில் பாதித் தவறு உங்களுடையது. அந்த அக்காவிடமே கேளுங்கள்: "இந்த எண்ணிக்கை கூடினால் என்ன அர்த்தம், குறைந்தால் என்ன அர்த்தம்?" டீ குடிக்கப் போகும்போது கேளுங்கள், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது கேட்காதீர்கள். குழுக் கூட்டம் நடந்தால் பின்வரிசையில் உட்காரலாமா என்று கேளுங்கள். முக்கால்வாசி புரியாது, போகட்டும். இவ்வளவும் செய்து இன்னும் இரண்டு வாரம் குடுவை மட்டும்தான் என்றால், வழிகாட்டியிடம் நேராகப் போய், "மீதி இருக்கும் நாளில் நான் தனியாக முடிக்கக்கூடிய ஒரு சின்ன அளவீடு கொடுக்க முடியுமா சார்" என்று கேட்டுவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஆம், உங்களைச் சம்பளமில்லாத ஆளாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதுவரை நோட்டை ஒழுங்காக எழுதுங்கள். நான் எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம் இருந்தேன். அளவீடுகளைக் கையில் கிடைத்த துண்டுக் காகிதத்திலெல்லாம் எழுதினேன், பஸ் டிக்கெட் பின்புறத்தில்கூட. தேதி போடவில்லை, எந்த சாம்பிள் என்றும் எழுதவில்லை, ஞாபகம் இருக்கும் என்ற மிதப்பு. கடைசி வாரம் வரைபடம் போட உட்கார்ந்தால் பாதிக் காகிதம் எதனுடையது என்றே தெரியவில்லை. ஆறு வாரத்தில் மூன்று வாரம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. வழிகாட்டி திட்டவில்லை, தடிமனான நீல அட்டை நோட்டு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

கேள்வி: இப்போதுதான் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். இப்போதே ஆரம்பிக்கலாமா, சீக்கிரமா?
– கும்பகோணம்

சீக்கிரம் இல்லை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் என்.ஐ.யு.எஸ். என்ற திட்டம் இளநிலை ஆரம்ப ஆண்டு மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கியதுதான், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் உண்டு, தேடிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் கல்லூரி லேப். ஸ்பெக்ட்ராமீட்டர் பரிசோதனை உங்களுக்கு இந்த வருஷமோ அடுத்த வருஷமோ வரும். ப்ரிசத்தின் கோணத்தை அளந்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டு எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் அதே ஸ்பெக்ட்ராமீட்டரில் ஒளி சாய்வாக விழும்போது, ஒளிப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழவில்லை என்று கவனித்து அதையே பிடித்துக்கொண்டார். அது கட்டுரையாக லண்டன் ஃபிலசாஃபிக்கல் மேகஸினில் 1906 நவம்பரில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அவர் பெயர் சி.வி. ராமன்.

உங்கள் லேபில் இருக்கும் அட்டெண்டர் அண்ணனிடம் நட்பாக இருங்கள். எந்த ஸ்பெக்ட்ராமீட்டரின் வெர்னியர் சரியாக இருக்கிறது, எதில் திருகு தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், சாவியும் அவரிடம்தான் இருக்கும்.